மாமாவின் தோல்வார்

என் சகலை மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிடப் பதினொரு வயது சின்னவன், நல்லவன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே 'அண்ணா' என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுவான். கோபித்துக்கொள்ள ஒரு காரணம்கூடத் தராத ஆளோடு உறவு கொண்டாடுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவனுக்கு வாகட்டில் பதினான்காவது மாடியில் வீடு, ஐ.டி. கம்பெனியில் வேலை. எனக்குப் போசரியில் ஒரு சின்னப் பட்டறையில் டூல் கிரைண்டிங். மழுங்கிய டிரில்லும் கட்டரும் என்னிடம் வரும், கூராகித் திரும்பிப் போகும். இருபத்து நான்கு வருடமாக இதே வேலை. அவன் சம்பளத்தையோ மாடியையோ பார்த்து நான் பொறாமைப்பட்டதில்லை. சரி, கொஞ்சம் பட்டிருப்பேன், தூக்கம் கெடும் அளவுக்கு இல்லை. என் தூக்கம் கெட்டது எங்கள் மாமனாரின் கழுத்தால்.

மாமா கட்கியில் ராணுவத் தளவாட பாக்டரியில், அளவு சோதிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து இருபது வயதில் இந்த மராத்தி ஊருக்கு வந்தவர். இரண்டு பெண்கள், பையன் இல்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாகத் தன் முகத்தைத் தானே சவரக்கத்தியால் மழித்துக்கொண்டவர். பிளேடு மாற்றும் ரேசர் அல்ல, மடக்கி விரிக்கும் முழுக் கத்தி. அதைத் தினமும் தீட்ட ஒரு தோல்வார் பின்பக்க பால்கனியின் ஜன்னல் கம்பியில் தொங்கும். பாக்டரியில் மெஷின்கள் தோல் பெல்ட்டில் ஓடிய காலத்துப் பெல்ட்டின் ஒரு துண்டு அது. பெல்ட்டுகளைக் கழித்துப் போட்டபோது கேட்டு வாங்கிவந்து, ஒரு முனையில் பித்தளை வளையம் கோத்து வைத்துக்கொண்டார். உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் புளியங்கொட்டை மாதிரி பளபளவென்று இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காபி டம்ளர், பிறகு கையெழுத்து, கடைசியில் கத்தி. ஒருநாள் காது மடலை வெட்டிக்கொண்டார். அத்தை கத்தியை எடுத்துப்போய் அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டார். மாமா அதைத் திரும்பக் கேட்கவில்லை. தாடி வளர்ந்தது. நான் ஒரு நல்ல டிரிம்மர் வாங்கிக் கொடுத்தேன். "ரொம்ப நல்லா இருக்குது மாப்பிள்ளை" என்று சொல்லி, அட்டைப்பெட்டி கசங்காமல் பீரோவில் வைத்தார். சலூனுக்கு ஒருமுறை அழைத்துப்போனேன். அடுத்த மாதம் கூப்பிட்டபோது முழங்கால் வலி என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பெண்களின் குடும்பமும் மாமா வீட்டில்தான் சாப்பிடுவோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை ஒரு சின்னத் தோல்பையோடு வந்தான். அவன் வயதில், அவன் வேலையில் இருப்பவர்கள் சைக்கிளில் லோனாவாலா வரை போவார்கள், இல்லாவிட்டால் வீட்டில் ரொட்டி சுடுவார்கள். இவன் ஆறு மாதமாகப் போனில் வீடியோ பார்த்து, சவரக்கத்தியால் முகம் மழிக்கப் பழகியிருந்தான். அந்தக் காலத்துப் பொருள் மேல் ஒரு மோகம்.

"பாபா, நான் பண்ணி விடட்டா?" என்றான். அவன் பிம்ப்ரியில் பிறந்து வளர்ந்தவன். மராத்திக்காரர்கள் அப்பாவைக் கூப்பிடுவதுபோல மாமனாரை 'பாபா' என்றுதான் கூப்பிடுவான்.

மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உனுக்கு வருமா?"

"வரும் பாபா. உங்க கத்தியே எடுக்கலாம். ஏக் பார் ட்ரை பண்ணலாம் நா."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை போய் அரிசி டப்பாவைத் திறந்தார்.

பால்கனியில் நாற்காலி போட்டான். வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் சுற்றினான். அது ஊறும் நேரத்தில் தோல்வாரை இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது கையால் கத்தியைத் தீட்டினான். துண்டுக்குள்ளிருந்து மாமா குரல் கொடுத்தார்: "மெதுவா. கத்தியோட முதுகு முன்னால போவணும், கூர் பின்னால வரணும். திருப்பறப்ப முதுகு மேலயே புரட்டு." அவன் "ஹோ பாபா" என்றான். பிறகு துண்டை எடுத்து, சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் பூசினான். மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தாடையை உயர்த்திக் கழுத்தைக் காட்டினார்.

குரல்வளை ஒருமுறை ஏறி இறங்கியது. அதன் மேல் அவன் கத்தியை வைத்தான். சர்ரென்று ஒரு சத்தம், கேட்டால் கேட்கும் அளவுக்கு. எதிரே பேப்பரை விரித்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாமனார், மாப்பிள்ளையிடம் வேலை வாங்க மாட்டார். இலை போட்டால் முதல் இலை, வந்தால் எழுந்து நிற்பது, 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை'. நானும் கல்யாணமான புதிதில் நன்றாகவே முறுக்கிக்கொண்டிருந்தேன். தலை தீபாவளிக்கு எடுத்த வேட்டியின் கரை சரியில்லை என்று அரைநாள் பேசாமல் இருந்தவன் நான். அப்புறம் முறுக்கு குறைந்தது, ஆனால் மரியாதை குறையவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் மாமா என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னதில்லை. அதை நான் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சகலை வந்து ஏழு வருடம்தான் ஆகிறது. அவனை 'டேய், அந்த சுவிட்ச போடு' என்பார். பையன் இல்லாத வீட்டில் பையனாக இருக்கும் இடம் காலியாகவே இருந்தது. நான் அதற்குப் பக்கத்திலேயே முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சவரம் முடிந்ததும் மாமா கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். "பேஷ்" என்றார். எனக்கு அவர் ஒருநாளும் 'பேஷ்' சொன்னதில்லை. சகலை என் பக்கம் வந்து, கத்தியின் கூர் எப்படி அமைகிறது, கல்லில் எத்தனை நம்பர் வரை போக வேண்டும் என்று எனக்கு விளக்கினான். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அன்று அது நடந்தது. நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதுதான். குழந்தைகள்கூட வேடிக்கை பார்க்க நிற்பார்கள். நான் பேப்பரில் ஒரே பக்கத்தை வெறித்துக்கொண்டிருப்பேன். இரும்பைக் கூராக்குவது என் தொழில். அந்த வீட்டில் கத்தி பிடிக்கும் உரிமை யாருக்காவது இருந்தால் அது எனக்கு. இப்படியே நினைத்து நினைத்து ஒருநாள் நானும் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். மாமாவைவிட நன்றாக, அவனைவிட மிக நன்றாக.

ஜூனா பஜார் என்கிற பழைய சாமான் சந்தையில், தரையில் விரித்த சாமான்களுக்கு நடுவில் ஒரு பழைய சவரக்கத்தி கிடைத்தது. துருவை எடுத்து, பட்டறையில் வேலை முடிந்த பிறகு கல்லில் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். விளிம்பு கண்ணாடி மாதிரி இருந்தது. அவன் ஜென்மத்துக்கும் இப்படி ஒரு கூர் போட முடியாது என்று நினைத்தபோது உடம்பில் ஒரு தெம்பு வந்தது. வீட்டுக்குப் போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு நுரை பூசி, கன்னத்தில் வைத்தேன். ஏழு இடத்தில் ரத்தம்.

"பூனகிட்ட சண்டைக்குப் போனீங்களா?" என்றாள் மனைவி. நான் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டேன். அவள் கத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சட்டென்று புரிந்துகொண்டாள். "ஒரு ஒறையில ரெண்டு கத்தி போவாதுங்க" என்று சொல்லிவிட்டுத் தோசை திருப்பப் போனாள்.

என் கோளாறு எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது. கை அழுத்துகிறது. எஃகை அழுத்தித்தான் எஃகைத் தேய்க்க முடியும், இருபத்து நான்கு வருடம் அப்படியே பழகிய கை. முகத்துக்கு அது ஆகாது. கத்தியின் எடை மட்டும் போதும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியைப் படுத்தாற்போல வைத்து, முடி சாய்ந்திருக்கும் பக்கமே இறக்க வேண்டும். இதை வீடியோவில் எல்லோரும் சொல்கிறார்கள். சொன்னதைக் கை கேட்க வேண்டுமே. வலது கன்னம் முதலில் வசப்பட்டது. மேலுதடு கடைசிவரை பயம் காட்டியது. கழுத்துக்கு வந்தபோதுதான் எனக்கு இன்னொரு விஷயம் தெரிந்தது. தன் கழுத்தில் தானே கத்தி வைக்கவே இவ்வளவு பயமாக இருக்கிறது. அதை இன்னொருவனிடம் கண்ணை மூடிக்கொண்டு நீட்ட வேண்டுமென்றால் அவனை எவ்வளவு நம்ப வேண்டும்.

கல்லில் வரும் கூர் முகத்துக்குப் போதாது, தோலில் தீட்டினால்தான் அது மிருதுவாகும் என்பதும் புரிந்தது. பழைய இடுப்பு பெல்ட் ஒன்றில் தீட்டிப் பார்த்தேன். சரிவரவில்லை. ஆன்லைனில் ஒரு தோல்வார் வாங்கியிருக்கலாம். உண்மையைச் சொன்னால், எனக்கு வேண்டியது தோல்வார் இல்லை. மாமாவின் தோல்வார். ஞாயிறுதோறும் அவன் கை இழுக்கிற அந்தத் துண்டில் என் கையும் ஓட வேண்டும்.

எங்கள் பட்டறைக்கு ஞாயிறைப்போல வியாழக்கிழமையும் விடுமுறை, அன்று அந்தப் பக்கம் கரண்ட் இருக்காது. மாமாவை அத்தை கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும் வியாழக்கிழமைதான். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அத்தை சொல்லியிருந்தார். அவர்கள் கிளம்பிப் போன பிறகு போய், பக்கத்து வீட்டில் சாவி வாங்கிக் கதவைத் திறந்தேன். குழாயை உண்மையாகவே சரிசெய்தேன். பிறகு பால்கனிக்குப் போனேன்.

தோல்வாரை இழுத்துப் பிடித்து, என் கத்தியை அதன் மேல் படுக்க வைத்தேன். முதுகு முன்னால், கூர் பின்னால். முதல் பத்து இழுப்பு அருமையாக வந்தது. பட்டு மேல் கை வைத்த மாதிரி ஒரு வழுக்கல். அப்போது மனதில், மாமா தாடையை உயர்த்துகிறார், நான் கத்தியோடு நிற்கிறேன், சகலை பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறான். கை வேகம் எடுத்தது. என் தொழிலில் கல்லில் தீட்டும்போது கூர்தான் முன்னால் போகும். புத்தி வேறெங்கோ இருந்த நேரத்தில் கை தனக்குத் தெரிந்த தொழிலுக்குத் திரும்பிவிட்டது. கத்தியைப் புரட்டாமல், கூரை முன்னால் வைத்து ஒரே தள்ளு. தோலில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிறை வெட்டு விழுந்து, மேல்தோல் மடல் மாதிரி எழுந்து நின்றது.

இந்தத் தவற்றைச் சகலை செய்யவே மாட்டான். அவன் கைக்கு வேறு பழக்கமே கிடையாது. 

வண்டியில் போய்ப் பசையும் நைஸ் எமரித் தாளும் வாங்கிவந்தேன். மடலைப் படிய வைத்து ஒட்டி, காய்ந்ததும் எமரியால் தேய்த்து, எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கு மட்டும் மயிரிழை உயரத்துக்குக் கெட்டியாக ஒரு வரப்பு தட்டியது. போதும் என்று தொங்கவிட்டுவிட்டு வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்குக்கூட என்னைவிட நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சீக்கிரமே போய்விட்டேன். சகலையைத் தனியாக அழைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது, வாயும் இருந்தது. அவன் வழக்கம்போல நாற்காலி போட்டான், துண்டு சுற்றினான், தீட்ட ஆரம்பித்தான். ஏழெட்டு இழுப்பில் 'டிக்' என்று ஒரு சத்தம். மாமாவின் கத்தி அந்த வரப்பில் மாட்டி, ஒட்டியிருந்த மடலைத் திரும்பக் கிளப்பியது. அவன் நின்றான். தோலைப் பார்த்தான். கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. துண்டு ஆறிவிடுமே என்று நுரையைப் பூசிச் சவரத்தை ஆரம்பித்துவிட்டான்.

தாடை எலும்புக்குக் கீழே மூன்றாவது இழுப்பில் ரத்தம் வந்தது. வெள்ளை நுரையில் சிவப்பு ஒரு கோடாக இறங்கிப் பனியன் வரை வந்தது. அத்தை "அய்யோ" என்று துண்டோடு ஓடிவந்தார். பெரிய வெட்டு இல்லை, ஆனால் வயதான தோல், சீக்கிரத்தில் நிற்கவில்லை.

"என் தப்புதான் பாபா" என்றான் சகலை. "வேகமா இழுத்துட்டேன். வாரையும் வெட்டிட்டேன். கத்தியும் போச்சுன்னு நெனைக்கிறேன்."

"உடு, உடு" என்றார் மாமா.

"இந்த வெளையாட்டெல்லாம் இதோட போதும்" என்றார் அத்தை.

நான் எழுந்துபோய்ப் படிகாரம் எடுத்துக் கொடுத்தேன். அப்போது என் மனதில் இருந்தது பயம் இல்லை, சந்தோஷம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஒரு கிழவரின் தாடையில் ரத்தம் ஓடுகிறது, அது என்னால், நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு படிகாரத்தை நீட்டுகிறேன். அன்று சாப்பாட்டில் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நான் இரண்டாம் முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சகலை அதற்குப் பிறகு கத்தியைத் தொடவில்லை. இனி மாமா என்னிடம் வருவார் என்று காத்திருந்தேன். தாடி வளர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது வாரம் நானே ஆரம்பித்தேன்: "மாமா, நானும் பழகியிருக்கேன். வேணும்னா பண்ணி விடறேன்."

"உங்களுக்கு இன்னாத்துக்கு மாப்பிள்ளை சிரமம்" என்றார். நல்ல மரியாதையான குரல். அதற்குமேல் பேச இடமில்லாத மரியாதை.

ஆறாவது வாரம் ஒரு மாலை சகலை போசரிக்கு, என் பட்டறைக்கே வந்தான். ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்க, எண்ணெய்த் தரையில் ஷூ வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தான். கைக்குட்டையில் சுற்றியிருந்த கத்தியை மேசையில் வைத்தான்.

"அண்ணா, பாபாவோட கத்தி. நான் கெடுத்துட்டேன். இத உங்களாலதான் சரி பண்ண முடியும்."

மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். விளிம்பில் குதிரைக் குளம்பு மாதிரி ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் காய்ந்த பசை ஒரு துளி, கண்ணாடிச் சில் மாதிரி மின்னியது.

"நான் பாக்கலாமா அண்ணா?"

"இரு, துடைச்சிட்டுக் காட்டறேன்" என்று தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அப்புறம் காட்டினேன். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"அன்னைக்கு அப்புறம் நான் என் மூஞ்சிலயும் கத்தி வைக்கல அண்ணா. எடுத்தா கை டர்தா ஹை, பயப்படுது. பாபாவோட கழுத்துதான் ஞாபகம் வருது." பிறகு என் மெஷினையும் கல்லையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நான் சும்மா ஷோக்குக்குப் பண்ணேன். மொதல்லேர்ந்து நீங்க பண்ணியிருக்கணும்."

நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். அதைக் கேட்டபோது ஒரு ருசியும் இல்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு மாலை உட்கார்ந்து அந்தக் கத்தியைச் சரிசெய்தேன். பள்ளம் மறையும்வரை விளிம்பை இறக்கி, கல் மாற்றி மாற்றி மேலே ஏற்றினேன். என் வாழ்க்கையில் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு, சகலை வீட்டார் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாமா வீட்டுக்குப் போனேன். அவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். தாடி நெஞ்சைத் தொட இன்னும் நாலு விரல்தான் பாக்கி.

"கத்தி சரியாயிடுச்சு மாமா. இன்னைக்கு நான் பண்ணி விடறேன்."

நடுங்கும் கையால் வாங்கி, கட்டைவிரல் நகத்தின் மேல் விளிம்பை மெல்ல ஓட்டினார். "நல்லா பண்ணிகீறீங்க" என்றார். "வார எடுங்க."

கம்பியிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் அதை மடியில் விரித்து, என் ஆட்காட்டி விரலைப் பிடித்து அந்த வெட்டின் மேல் வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என் கையைப் பிடித்தது கல்யாணத்தன்றுதான், அதற்கப்புறம் இப்போது.

"பசை வெச்சு ஒட்டிகீது. அப்பால நைஸ் எமரி. ஒரே பக்கமா, அழுத்தம் மாறாம தேச்சிகீது. சுத்தமான வேல." விரலை விடவில்லை. "சின்னவன் வூட்ல எமரி ஏது?"

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், கிளம்பவில்லை.

"எப்ப தெரிஞ்சுது மாமா?"

"அன்னிக்கே. சாயந்தரம் வார தொட்டதும்."

"ஏன் கேக்கல?"

"ஊட்டு மாப்பிள்ளைய நிக்க வெச்சு எப்டி கேக்கறது? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன்." சொல்லிவிட்டுத் தாடியை மெல்லக் கீழே தடவினார். இத்தனை வாரத் தாடியும் நான் வாய் திறப்பதற்குக் காத்திருந்த தாடி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "கழுத்த நீட்டட்டுமா மாப்பிள்ளை? நீங்க சொல்லுங்க."

அவர் கேலி செய்யவில்லை. நான் சரி என்றிருந்தால் நீட்டியிருப்பார், அதுவும் எல்லாம் தெரிந்தே. ஒரு வருடமாக நான் ஏங்கிய இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கத்தியை மடக்கினேன். "வேணாம் மாமா. அவன் வரட்டும்."

சகலை வந்தான். செருப்பைக் கழற்றக்கூட விடாமல் அவனைப் பால்கனிக்கு அழைத்துப்போய், மாமா முன்னால் சொன்னேன். வியாழக்கிழமை, குழாய், கூர் முன்னால் போனது, பசை, எமரி, தின்னரில் துடைத்தது எல்லாம். பொறாமையால் செய்தேன் என்பதையும் சொன்னேன், அந்த வார்த்தையையே சொன்னேன். கத்துவான் என்று பார்த்தேன். மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

அவன் தன் வலது கையைப் பார்த்தான். விரல்களை மூடித் திறந்தான்.

"அப்ப என் கை சரியாதான் இருந்துச்சா அண்ணா?"

அவன் கேட்டது அந்த ஒரு கேள்விதான். ஏழு வாரமாக அந்தக் கையை அவன் எப்படித் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பான் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். "உன் கையில ஒரு குறையும் இல்லப்பா" என்றேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஜென்மத்துக்கும் விட்டிருக்க மாட்டேன். அதை நினைத்தும் அவன் மேல் பொறாமையாக இருந்தது.

"வெந்நி வெக்கச் சொல்லு" என்றார் மாமா அவனிடம். என்னிடம், "நீங்க தீட்டுங்க" என்றார். வெட்டு இல்லாத பக்கமாகத் தோல்வாரைத் திருப்பித் தொங்கவிட்டு, முதுகு முன்னால், கூர் பின்னால் என்று ஒவ்வொரு இழுப்புக்கும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு தீட்டிக் கொடுத்தேன். மாமா தாடையை உயர்த்தினார். சகலையின் கை முதல் இழுப்பில் கொஞ்சம் தயங்கியது, பிறகு ஓடியது. முடிகிற நேரத்தில் மாமா கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "கிருதா ரெண்டும் பெரிய மாப்பிள்ளை பண்ணட்டும்."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஞாயிறுதோறும் நான் தீட்டுகிறேன், அவன் மழிக்கிறான், கடைசியில் கத்தி என்னிடம் வருகிறது. காதோரம் இந்தப் பக்கம் இரண்டு இழுப்பு, அந்தப் பக்கம் இரண்டு இழுப்பு. நாலையும் நான் அவசரப்படாமல் செய்கிறேன். ஆனால் கத்தி என் கைக்கு வரும் நேரத்தில் மாமா தாடையை இறக்கி, காதைத் திருப்பிக் காட்டியிருப்பார்.